யோசேப்பின் கண்ணீரும் யூதாவின் பேச்சும்

யாக்கோபைக் கானான் தேசத்து மக்பேலா குகையில் அடக்கம் செய்துவிட்டுப் பிள்ளைகள் எகிப்துக்குத் திரும்புகிறார்கள். பெரிய காரியம் முடிந்த வீட்டில் பழைய கணக்குகள் தலைதூக்குவது வழக்கம்தான். தாங்கள் விற்றுப்போட்ட தம்பி இன்று எகிப்தையே ஆளுகிறான். அப்பா இருந்தவரை பொறுமையாக இருந்தவன் இனிமேல் பழிவாங்கினால் என்ன செய்வது? நேரில் போய் நிற்கத் துணிவில்லாமல் ஆள்விட்டுச் சொல்கிறார்கள்: அண்ணன்மார் செய்த துரோகத்தை மன்னித்துவிடும்படி அப்பா சாவதற்கு முன்பு கட்டளையிட்டாராம். ஆதியாகமத்தை முன்னும் பின்னும் புரட்டினாலும் யாக்கோபு அப்படிச் சொன்ன இடம் கிடைக்காது. பயத்தில் அவர்களே கட்டிய கதை என்றுதான் தோன்றுகிறது. பாபிலோனியத் தல்மூத் இதை மூடி மறைக்கவில்லை. சமாதானத்துக்காக உண்மையைச் சற்று மாற்றிச் சொல்லலாம் என்பதற்கு இந்தச் சம்பவத்தையே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறது.

செய்தி கேட்டு யோசேப்பு அழுகிறான். சகோதரர்கள் வந்து காலில் விழுந்து, உனக்கு அடிமைகளாக இருக்கிறோம் என்கிறார்கள். அவனோ, நான் கடவுளின் இடத்தில் இருக்கிறேனா என்று கேட்கிறான். நீங்கள் எனக்குத் தீமை நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக முடித்தார் என்கிறான். உங்களையும் உங்கள் குழந்தைகளையும் பராமரிப்பேன் என்று ஆறுதல் சொல்கிறான். ஆனால் அவர்கள் கேட்டது மன்னிப்பு. அதைத் தந்ததாக அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. இது நடப்பது, கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது ஒன்றுசேர்ந்த பிறகு 17 ஆண்டுகள் ஒரே தேசத்தில் வாழ்ந்து முடித்த நிலையில். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அண்ணன்மாரின் பயம் தெளியவில்லை.

கிறிஸ்தவ மரபோ இந்தக் கதையைப் பூரண மன்னிப்பின் கதையாகவே வாசித்து வந்திருக்கிறது. யோசேப்பைக் கிறிஸ்துவின் முன்னடையாளமாகக் கண்ட அந்த வாசிப்பு அழகானது, ஆழமானது. ஆனால் அந்த ஒளியில் இன்னொருவன் கண்ணுக்குத் தெரியாமல் போனான் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். அவன் பெயர் யூதா.

புதிய ஏற்பாட்டில் யோசேப்புக்கு இடம் குறைவு. விசுவாச வீரர்களை வரிசைப்படுத்தும் எபிரெயர் நிருபத்தின் 11-ஆம் அதிகாரம் அவனுக்கு ஒரே ஒரு வசனம் ஒதுக்குகிறது. அதுவும் தன் எலும்புகளைக் குறித்து அவன் சொல்லிவிட்டுப் போனதைப் பற்றியது, மன்னிப்பைப் பற்றியதல்ல. அப்போஸ்தலர் நடபடிகள் 7-ஆம் அதிகாரத்தில் ஸ்தேவான் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று பேசும்போது, கோத்திரப் பிதாக்கள் பொறாமையால் யோசேப்பை விற்றார்கள், தேவனோ அவனோடிருந்தார் என்கிறார். அடுத்து மோசேயைத் தள்ளிவிட்ட கதை. கடைசியில், நீங்களும் நீதிபரரைக் கொன்றீர்கள் என்ற குற்றச்சாட்டு. யோசேப்புதான் கிறிஸ்து என்று அவர் சொல்லவில்லை, ஆனால் பின்னால் வந்தவர்கள் நடந்த பாதை அங்கேதான் போடப்பட்டது. கல்லெறிபட்டு விழும்போது இந்தப் பாவத்தை இவர்கள்மேல் சுமத்தாதிரும் என்று வேண்டிக்கொண்டவரும் அதே ஸ்தேவான்தான். அவர் வேண்டுதலைவிட அவர் குற்றச்சாட்டுதான் நெடுங்காலம் பலித்தது.

2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர்தை நகரத்து மெலித்தோ தம் பஸ்கா பிரசங்கத்தில், ஈசாக்கில் கட்டப்பட்டவரும் யோசேப்பில் விற்கப்பட்டவரும் கிறிஸ்துவே என்கிறார். கடவுளையே கொன்ற ஜனம் என்று இஸ்ரவேலைக் குற்றம் சாட்டும் மிகப் பழைய கிறிஸ்தவ உரைகளில் ஒன்றும் இதே பிரசங்கம்தான். இரண்டும் ஒரே பேச்சில் வருவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. விற்கப்பட்டவன் கிறிஸ்து என்றால் விற்றவர்கள் யார் என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது.

பாரசீகப் பேரரசில் வாழ்ந்த அஃப்ரஹாத்தின் கதை வேறு. இரண்டாம் ஷாப்பூர் மன்னன் கிறிஸ்தவர்களை ஒடுக்கிய காலத்தில், 344-இல், துன்புறுத்தலைப் பற்றி அவர் சிரியாக் மொழியில் ஓர் உரை எழுதினார். யோசேப்பையும் இயேசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போகிறார். இவனைக் குழியில் தள்ளினார்கள், அவரை மரித்தோரிடத்தில் இறக்கினார்கள். இவன் பார்வோன் முன் நின்றபோது வயது 30, அவர் யோர்தானுக்கு வந்தபோதும் ஏறத்தாழ 30. அடிபட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுபான்மைச் சபைக்கு இது தைலம். குழியில் கிடப்பவன் ஒருநாள் எழுவான் என்ற நம்பிக்கையை அந்தச் சபை இந்த ஒப்பீட்டிலிருந்து பெற்றுக்கொண்டது. ஒரே ஒப்பீடு, சொல்பவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்து, ஓரிடத்தில் ஆறுதலாகிறது, இன்னோரிடத்தில் ஆயுதமாகிறது.

மிலான் ஆயர் அம்புரோஸ் 388-ஐ ஒட்டி யோசேப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் கையில் ஒரு சிறு விவரமும் தப்பாது. தகப்பன் மகனைச் சகோதரர்களிடம் அனுப்பியது, பிதா குமாரனை அனுப்பியது. பென்யமீன் என்றால் பவுல், ஏனெனில் பவுல் பென்யமீன் கோத்திரத்தான். அவன் சாக்கில் ஒளித்து வைத்த வெள்ளிப் பாத்திரம் பவுலின் பிரசங்கம். இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு பொருள் கிடைக்கும்போது, பஞ்சத்தில் தானியம் வாங்க வந்து நடுங்கி நிற்கும் மனிதர்கள் மெல்லக் காணாமல் போகிறார்கள். பத்து அண்ணன்மாரும் கிறிஸ்துவை அறியாத யூத ஜனமாக மாறிவிடுகிறார்கள்.

பணக் கணக்கில் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். எபிரெய மூலத்தில் யோசேப்பின் விலை 20 வெள்ளிக்காசு. கிரேக்க மொழிபெயர்ப்பில் அது 20 பொன். இயேசுவைக் காட்டிக்கொடுத்த விலையோ 30 வெள்ளி. இந்தப் பத்தின் இடைவெளி வாசகர்களை உறுத்தியிருக்கிறது. தம் காலத்துப் பிரதிகளில் 20, 25, 30 என்று மூன்று எண்களும் இருந்ததாக அம்புரோஸே குறிப்பிடுகிறார். கிறிஸ்தவர்கள் பாதுகாத்து நமக்குத் தந்த ‘பன்னிரு கோத்திரப் பிதாக்களின் ஏற்பாடுகள்’ என்ற தொகுப்பு இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தது. விற்றது 30 பொன்னுக்குத்தான், அதில் பத்தைக் காத்தும் யூதாவும் அமுக்கிக்கொண்டு மற்றவர்களிடம் 20 என்று காட்டினார்களாம். துரோகத்துக்குள் ஒரு கையாடல்! அதே தொகுப்பில் செபுலோன் தன் பங்கை வாங்க மறுக்கிறான். மற்றவர்கள் அந்தப் பணத்தில் தங்களுக்கும் மனைவி மக்களுக்கும் செருப்பு வாங்குகிறார்கள். தம்பியின் இரத்தக்கிரயத்தில் சாப்பிடக்கூடாது, எங்களை ஆளுவேன் என்றவனின் விலையைக் காலால் மிதிக்கவேண்டும் என்பது அவர்கள் நியாயம். நீதிமானைப் பணத்துக்கும் எளியவனைப் பாதரட்சைக்கும் விற்கிறவர்களைக் கண்டித்த ஆமோஸ் தீர்க்கன் இங்கே மறைந்து நிற்கிறான். யூதாஸ் வீசியெறிந்த காசு இரத்தக்கிரயம், காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்று மத்தேயுவில் ஆசாரியர்கள் கூசுவதும் நினைவுக்கு வரும்.

குறியீடுகளுக்குள் அடங்காத மரபும் கிறிஸ்தவத்துக்குள்ளேயே ஓடியது. எப்ரேம் பெயரில் கிரேக்கத்தில் வழங்கும் ஒரு பிரசங்கத்தில், வணிகர்கள் யோசேப்பை ஓட்டிக்கொண்டு போகும் வழியில் ராகேலின் கல்லறை வருகிறது. பையன் ஓடிப்போய் அதன்மேல் விழுந்து, அம்மா, உன் பிள்ளைக்கு நேர்ந்ததைப் பார் என்று கதறுகிறான். மூலத்தில் இல்லாத காட்சி இது. ஆனால் மூலத்தில் ஒரு குறை இருக்கிறது, அதை இது நிரப்புகிறது. 37-ஆம் அதிகாரத்தில் குழிக்குள் கிடக்கும் யோசேப்பு வாயே திறப்பதில்லை. அண்ணன்மார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவன் கெஞ்சினான் என்பதே நமக்கு 42-ஆம் அதிகாரத்தில்தான், அதுவும் குற்றம் செய்தவர்களின் வாய்மூலமாகத்தான், தெரியவருகிறது. அந்தக் குரலை மீட்டுக் கொடுத்தவர்கள் கிறிஸ்தவக் கவிஞர்களும் பிரசங்கிகளும். கிழக்குத் திருச்சபை இன்றும் பரிசுத்த வாரத்தின் திங்கட்கிழமையில் யோசேப்பை நினைவுகூர்கிறது.

அந்தியோகியாவில் ஆதியாகமத்தைப் பற்றி 67 பிரசங்கங்கள் செய்த கிறிசோஸ்தோமுக்கு யோசேப்பு பின்பற்ற வேண்டிய மனிதன். சத்துருவை நேசிக்கச் சொல்லும் சுவிசேஷம் வருவதற்கு முன்பே இவன் இப்படி நடந்தான் என்றால், அதைக் கேட்ட பிறகும் பகையை வளர்க்கும் நமக்கு என்ன சாக்கு என்பது அவர் போக்கு. இந்த வாசிப்பில் யூதர்மேல் பழி இல்லை, கேட்பவன்மேல்தான் பளு. ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. யோசேப்பு அத்தனை எளிதாக மன்னித்தவனா?

தானியம் வாங்க வந்தவர்களை அவன் ஒற்றர்கள் என்கிறான், மூன்று நாள் காவலில் வைக்கிறான், சிமியோனைப் பிடித்து வைத்துக்கொள்கிறான், பென்யமீனைக் கொண்டுவரச் சொல்கிறான், அவன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை ஒளித்துத் திருட்டுப் பட்டம் கட்டுகிறான். கால்வின் 1554-இல் வெளிவந்த தம் விளக்கவுரையில் இதைத் தாண்டிப் போகவில்லை. பழைய காயத்தினால் இப்படிச் செய்திருந்தால் பழிவாங்கும் எண்ணத்திலிருந்து இவனை விடுவிக்க முடியாது என்று நேராகவே சொல்கிறார். பிறகு, தம்பியை மீட்கவும் அண்ணன்மாரின் மனதை அறியவுமே செய்தான் என்று ஒரு முடிவுக்கு வருகிறார். லூத்தர் இந்த அதிகாரங்களை நடத்தியது தம் கடைசிக் காலத்தில். 1535-இல் தொடங்கிய ஆதியாகம வகுப்புகளை 1545 நவம்பரில், இறப்பதற்கு மூன்று மாதம் முன்புதான் முடித்தார். அவருக்கு யோசேப்பின் கடுமை, தன் பிள்ளைகளிடம் முகத்தை மறைத்துக்கொண்டு கடவுள் ஆடும் விளையாட்டு. வெளியே அதட்டல், உள்ளறையில் அழுகை. யோசேப்பு தனியே போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வரும் இடத்தைப் படிக்கிறவர்களுக்கு லூத்தர் எதைச் சொல்கிறார் என்று புரியும். என் பார்வையில் கால்வினின் சந்தேகம் லூத்தரின் கவித்துவத்தைவிடக் கதைக்கு நெருக்கமானது. அந்தக் கடுமையில் சோதனை எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று யோசேப்புக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். இன்னொன்று: மன்னிப்பைப் பிரசங்கிப்பவர்கள் 47-ஆம் அதிகாரத்தைத் தொடுவதில்லை. அங்கே இதே யோசேப்பு பஞ்சத்தைப் பயன்படுத்தி எகிப்தியரின் பணம், மந்தை, நிலம், கடைசியில் அவர்களையே பார்வோனுக்காக வாங்கிப்போடுகிறான்.

சோதனை முடிவுக்கு வருவது யூதா வாய் திறக்கும்போதுதான். 44-ஆம் அதிகாரத்தின் கடைசி 17 வசனங்கள் அவன் பேச்சு. ஆதியாகமத்தில் இதைவிட நீளமான பேச்சு வேறு இல்லை என்பார்கள். விற்கலாம் என்று யோசனை சொன்னவனே அவன்தான். நடுவில் அவன் வாழ்க்கையில் என்னென்னவோ நடந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தான். விதவை மருமகள் தாமாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் ஏமாற்றினான். அவள் அவனுடைய முத்திரையையும் கோலையும் எடுத்து நீட்டியபோது, என்னைவிட அவளே நீதியுள்ளவள் என்று ஊரறிய ஒப்புக்கொண்டான். பிள்ளையைச் சாகக் கொடுத்த தகப்பனின் வேதனை என்னவென்று இப்போது அவனுக்குத் தெரியும்.

அவன் பேச்சில் ஓரிடம் உண்டு. என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள், ஒருவன் போய்விட்டான் என்று அப்பா சொன்னதை யூதா அப்படியே திருப்பிச் சொல்கிறான். யூதா லேயாளின் மகன். அப்பாவுக்கு ‘என் மனைவி’ என்றால் ராகேல் மட்டும்தான், ‘என் பிள்ளைகள்’ என்றால் ராகேலின் இருவர் மட்டும்தான். தன் தாயையும் தன்னையும் கணக்கிலேயே சேர்க்காத அந்தப் பேச்சை, ஒரு காலத்தில் தம்பியைக் கொல்லும் அளவுக்கு அண்ணன்மாரைக் கொதிக்க வைத்த அந்தப் பாரபட்சத்தை, அவன் இப்போது கசப்பில்லாமல் சொல்கிறான். சொல்லிவிட்டு, இந்தப் பையனுக்குப் பதில் என்னை அடிமையாக வைத்துக்கொள், இவனில்லாமல் போய் அப்பாவின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்கிறான். அப்பாவின் பாசம் ஓரவஞ்சனையானது என்று தெரிந்தே அந்த அப்பாவுக்காகத் தன்னைக் கொடுக்கிறான். யோசேப்பு உடைந்து அழுது தன்னை வெளிப்படுத்துவது இதைக் கேட்ட பிறகுதான், அதற்கு முன் அல்ல.

ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் அடிமையாகிறேன் என்பதைவிடக் கிறிஸ்தவப் போதனைக்கு நெருக்கமான சொல் இந்தக் கதையில் வேறெங்கும் இல்லை. மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்சம் ஓடுவதும் யோசேப்பின் வழியாக அல்ல, யூதாவும் தாமாரும் பெற்ற பாரேஸ் வழியாக. நம் கர்த்தர் யூதா கோத்திரத்தில் தோன்றினார் என்று எபிரெயர் நிருபமும் சொல்கிறது. அப்படியிருந்தும் வாசிப்பு மரபு யோசேப்பையே கிறிஸ்துவாக்கியது. யூதாவை யூதாஸோடு சேர்த்து விற்பனைக்காரர்கள் பக்கம் நிறுத்தியது.

ஏசாவுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். ஆசீர்வாதத்தை இழந்த அண்ணன், இருபது வருடம் கழித்து வரும் யாக்கோபை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு முத்தமிட்டான். ஊதாரி மைந்தன் உவமையில் லூக்கா வரையும் தகப்பன் ஓடும் ஓட்டம் ஏசாவின் ஓட்டமேதான். ஆனால் சபை ஏசாவை நினைப்பது ஒருவேளைச் சாப்பாட்டுக்காகச் சேஷ்டபுத்திர பாகத்தை விற்றவன் என்றுதான்.

யூத வாசகர்கள் யோசேப்பின் மௌனத்தை மறக்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸரகோசாவில் எழுதிய பஹ்யா பென் ஆஷேர், அவன் மன்னித்ததாக வேதம் சொல்லவே இல்லை, ஆகவே அண்ணன்மார் அந்தக் குற்றத்தோடேயே மாண்டார்கள் என்றார். ரோமானியர் கையில் இறந்த பத்து ரபிமார் அந்தப் பத்துப் பேரின் கடனைத் தீர்த்தார்கள் என்ற பழைய கதையையும் அதனோடு இணைத்தார். அஷ்கெனாசி யூதர்கள் பாவநிவாரண நாளில் பாடும் ஒரு புலம்பலின் அடிப்படை இதே கதை. இது கடுமையான வாசிப்பு. ஆனால் துரோகத்துக்கு விலை உண்டு என்பதை அது மறக்க விடுவதில்லை.

1960 அக்டோபர் 17 அன்று திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான், தம்மைச் சந்திக்க வந்த அமெரிக்க யூதர்களிடம், நான் உங்கள் சகோதரன் யோசேப்பு என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். அவருடைய ஞானஸ்நானப் பெயரிலும் யோசேப்பு இருந்தது. பெரிய வெள்ளி ஜெபத்தில் யூதர்களைக் குறித்த இழிசொல்லை முந்தைய ஆண்டே நீக்கியவர் அவர். உள்ளன்போடு சொன்ன வார்த்தை அது, வந்தவர்களையும் நெகிழ வைத்தது. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது: அந்த அறையில் யோசேப்பு யார்? பல நூற்றாண்டுகளாகக் குழியில் தள்ளப்பட்டவர்கள் எதிரே அமர்ந்திருந்தார்கள். நல்லெண்ணத்தில்கூட மன்னிக்கிறவனின் நாற்காலியில்தான் சபை உட்காரப் பழகியிருந்தது. அங்கிருந்து எழுந்து வர இன்னும் நாற்பது ஆண்டு ஆனது. 2000 மார்ச் 26 அன்று இரண்டாம் யோவான் பவுல் எருசலேமின் மேற்குச் சுவரில், யூதர்களுக்கு இழைத்த துன்பத்துக்கு மன்னிப்புக் கேட்கும் ஒரு தாளைச் செருகிவிட்டு நின்றார். அவர் நின்றது யூதாவின் இடத்தில்.

இது சபைக்கும் யூதர்களுக்கும் இடையிலான வழக்கு மட்டுமல்ல. தகப்பன் யோசேப்புக்கு உடுத்திய பலவருண அங்கியைப் போன்ற உடை எபிரெய வேதத்தில் இன்னும் ஒரே ஒருத்தியின் மேல்தான் காணப்படுகிறது. அவள் தாவீதின் மகள் தாமார். அவளைப் பலாத்காரம் செய்தவன் வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் அம்னோன். உடன்பிறந்த அப்சலோம், அவன் உன் சகோதரன், பேசாமலிரு என்கிறான். தாவீது கோபப்படுகிறான், எதுவும் செய்வதில்லை. பின்னால் அப்சலோம் அம்னோனைக் கொன்று, ஓடிப்போய், திரும்பி வந்தபோது தாவீது அவனை முத்தமிடுகிறான். அந்த முத்தம் எதையும் ஆற்றவில்லை, அடுத்த அதிகாரத்திலேயே கலகம் வெடிக்கிறது. தாமாரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பில்லிஸ் ட்ரிபிள் 1984-இல் எழுதிய நூலும், தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உஜாமா மையம் பெண்களோடு சேர்ந்து நடத்திய வேத வாசிப்புகளும் இந்தக் கதையைச் சபைகளுக்குள் கொண்டுவந்தன. யோசேப்பு களஞ்சியச் சாவி கையிலிருக்க, பாதுகாப்பான இடத்திலிருந்து, சோதித்துப் பார்த்துத் தழுவிக்கொண்டவன். தாமாரைப் போல ஒன்றும் கையில் இல்லாதவளிடம் போய், யோசேப்பைப் பார், நீயும் மன்னித்துவிடு என்று சொல்வது வேதத்தைத் தவறாக வாசிப்பது. அவளுக்கு எதிரே நிற்பவன் யூதாவாக மாறிவிட்டானா என்றுதான் முதலில் கேட்கவேண்டும்.

பல புராட்டஸ்தாந்து சபைகள் பின்பற்றும், 1992-இல் வெளிவந்த பொதுத் திருவாசக அட்டவணையில் யோசேப்பின் கதை முதல் ஆண்டில் வருகிறது. ஒரு ஞாயிறு 37-ஆம் அதிகாரம், விற்றது. அடுத்த ஞாயிறு 45-ஆம் அதிகாரம், தழுவியது. இடையில் உள்ளவை ஞாயிறு வாசிப்பில் இல்லை. தாமாரின் கதையும் அந்த அட்டவணையில் இல்லை. அந்த இரண்டாவது ஞாயிறன்று பிரசங்க மேடை ஏறுகிறவர்கள், அட்டவணை எதைச் சொன்னாலும், 44-ஆம் அதிகாரத்தின் 18-ஆம் வசனத்திலிருந்து முடிவு வரை முதலில் உரக்க வாசித்துவிட்டுப் பிறகு மன்னிப்பைப் பற்றிப் பேசட்டும்.